பெஞ்சில் ஆறு வாரம்

மார்ச் 21, 2025, வெள்ளி

நேற்றுக் காலை அடிபம்பு பக்கத்துப் பாசியில் வழுக்கி விழுந்தேன். இடது கையை ஊன்றினேன், மணிக்கட்டில் முறிவு. பாளையங்கோட்டைக்குப் போய் மாவுக்கட்டு போட்டாயிற்று. ஆறு வாரம் கழித்துத்தான் பிரிப்பார்களாம். "ஐயா, இந்த வயசுல எலும்பு மெதுவாத்தான் கூடும், அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். எனக்கு 67.

ஊன்றியது வலது கையாக இருந்திருந்தால் இந்த நோட்டிலும் எழுத முடிந்திருக்காது. அதற்கு ஸ்தோத்திரம்.

சாயங்காலம் ஐயர் பார்க்க வந்தார். குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்லுவோம். ஜெபம் பண்ணிவிட்டு, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "சார், வலது கை நல்லாத்தானே இருக்கு. ராகத்தை மட்டும் பிடிச்சுக் குடுத்தா ஜனங்க பாடிருவாங்க" என்றார். முடியாது என்றேன். அரைகுறையாக வாசிப்பது ஆராதனைக்கு மரியாதையில்லை என்று காரணமும் சொன்னேன். அவர் போன பிறகு வீட்டுக்காரி, "ஒத்தக் கையால வாசிச்சா உங்க பேரு கெட்டுப் போயிரும், அதானே?" என்றாள். பதில் சொல்லவில்லை.

1987 முதல் எங்கள் கோயிலில் வாசிக்கிறேன். முதலில் பெடல் ஆர்கன். அதன் துருத்தியை எலி கடித்த பிறகு கீபோர்டு. 38 வருஷம். காய்ச்சலுக்காக நாலைந்து ஞாயிறு விட்டிருப்பேன், அவ்வளவுதான். லெந்து காலத்தில் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மேலத்தெரு டீச்சர் மகள் வாசித்தாள். பிளஸ் டூ பிள்ளை. 25ஆம் தேதி கடைசிப் பரீட்சை, இருந்தும் வந்தாள். மூன்று வருஷமாக என்னிடம் படிக்கிறவள்.

எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. இது எழுதவே வெட்கமாக இருக்கிறது. கீபோர்டு ஸ்டூலைத் தவிர அந்தக் கோயிலில் எனக்கு இடமே கிடையாது. வடக்கு வாசல் பக்கம் நாலாவது பெஞ்சில் உட்காரப் போனால், அங்கே வழக்கமாக உட்காருகிற கடைக்கார அண்ணாச்சி வந்து, என்னைப் பார்த்துத் தயங்கி நின்றார். பிறகு ஐந்தாவதுக்கு நகர்ந்தேன்.

பெஞ்சிலிருந்து பார்க்கும்போது கோயில் வேறு மாதிரி இருக்கிறது. திருமேஜை நேரே தெரிகிறது. நான் இத்தனை காலமும் அதைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பிடரிகள். ஒரு மின்விசிறி சுற்றுக்கொரு தரம் கிறீச்சிடுகிறது. அது சுருதியில் சேராததால் பாட்டு முழுக்க என்னை வதைத்தது.

இன்னொன்றும் தெரிந்தது. விசுவாசப் பிரமாணம் எனக்கு முழுசாக வரவில்லை. நடுவில் ஒரு வரி தப்பி, பக்கத்திலிருந்தவர் வாயைப் பார்த்துத் தொற்றிக்கொண்டேன். ஞாயிறு தவறாமல் கேட்டதுதான். ஆனால் சபை அதைச் சொல்லுகிற நேரத்தில் நான் அடுத்த பாட்டின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன், டோனை மாற்றிக்கொண்டிருப்பேன். பாவ அறிக்கையும் அப்படித்தான். 38 வருஷமாகப் பாவ அறிக்கை நேரத்தில் ஸ்டாண்டைச் சரிசெய்திருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

ராத்திரி பேரன் போன் பண்ணினான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரிய ஜெப வீட்டில் கீபோர்டு வாசிக்கிறான்.

"தாத்தா, கை எப்படி இருக்கு?"

"கை இருக்கு. நீ இன்னிக்கு என்ன வாசிச்சே?"

"ரெண்டு மணி நேரம் பேட் சவுண்ட் தாத்தா. பாஸ்டர் பேசும்போது, ஜெபம் பண்ணும்போது, எப்பவும் அடியில ஓடிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா பிரசன்னம் போயிரும்னு சொல்லுவாங்க."

சிரித்துவிட்டேன். கரண்டு கம்பியில் வருகிற பிரசன்னமா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "நீங்க மட்டும் என்ன? கடைசிச் சரணத்துக்கு அரைக்கட்டை ஏத்துவீங்களே, அது எதுக்காம்?" என்றான்.

படுக்கையில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது சரி. கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, அரைக்கட்டை ஏற்றி, இடது கையில் பேஸைக் கனமாக்கினால் சபைக்கு மெய்சிலிர்க்கும். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைப்பார்கள். வாசலில் என்னைப் பிடித்து, "இன்னிக்கு ஆண்டவர் இறங்கி வந்தாரு சார்" என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன். அவர் இறங்கினாரா, நான் சுருதியை ஏற்றினேனா? இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் கை நின்றுவிடும் என்கிற பயமாக இருக்கலாம்.

இசையை அகற்றினால் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் ஜனத்துக்குப் பாட்டில்லாமல் பக்தி இல்லை. இங்கே திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் 1864இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியார் முதல் எத்தனை பேர் இந்தத் தமிழையும் ராகத்தையும் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள்! சாம்பவர்வடகரை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்கிற இசை நூலை வெளியிட்டது ஏதோ பொழுதுபோக்குக்காக அல்ல. மனுஷர் சுருதிக் கணக்கில் அப்படி மூழ்கிக் கிடந்தார். அவருக்கு அது வேதபாடம் மாதிரி என்று நினைத்துக்கொள்வேன்.

என் வாத்தியத்துக்கு அந்தக் கௌரவம் கிடையாது. கமகம் பேசாது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தையே வெளியே தள்ளியது. 1971இல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. அந்த 31 வருஷமும் எங்கள் கோயில்களில் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 9, புதன்

எக்ஸ்ரே பார்க்கப் பாளையங்கோட்டை. எலும்பு நேராகத்தான் நிற்கிறதாம்.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஊசிக்கோபுரம் போனேன். ரேனியுஸ் ஐயர் 1826இல் கட்டிய பரிசுத்த திரித்துவ பேராலயம். அடுத்த வருஷம் அதற்கு 200 ஆகிறது. நடுப்பகல், ஆள் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மண்பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. ஜெபம் பண்ண வாய் வரவில்லை. பண்ணாமலே இருந்தேன். எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பது ஏமாற்றமாகவும் இல்லை, அதுதான் புதுசு.

எழுந்து வரும்போது பாப்பாத்தியம்மாள் கோயிலையும் பார்க்க வேண்டும் என்று ஆசை. பிராமண விதவையாயிருந்து 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாளின் கோயில், 1785இல் பிரதிஷ்டையானது. ஒரு தனிப் பொம்பிளை இந்த ஊரில் தைரியமாக எழுப்பிய கோயில். வெயிலுக்குப் பயந்து பஸ் ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஓலை பனைமரத்துக் குருத்துதான், தென்னை இல்லை. ஊரில் பனையேறுகிறவர்கள் இப்போது இரண்டே பேர். பதநீர்க் காலமாகையால் பால் மரத்தில் குருத்து வெட்டத் தயங்குவார்கள். மணியடிக்கிற கோயில்பிள்ளை நாலு நாளாகக் கெஞ்சி, தேரிக்காட்டோரம் கலயம் கட்டாத மரங்களாகப் பார்த்து இறக்க வைத்தார்.

பவனியில் எப்போதும் நான் இருந்ததில்லை. அவர்கள் ஊரைச் சுற்றிப் பாடிக்கொண்டு வருகிற நேரத்தில் நான் உள்ளே உட்கார்ந்து, சத்தம் வாசலுக்கு வந்ததும் அவர்கள் சுருதியைப் பிடித்துக்கொள்ளத் தயாராக இருப்பேன். அவர்கள் பாடியபடி நுழையும்போது சுருதி எங்கேயோ கிடக்கும். நான் அதை என் வழிக்கு இழுப்பேன். அதுதான் என் வேலை.

இன்று நடந்தேன். மணல் செருப்புக்குள் புகுந்தது. ஒரு பையன் ஓலையால் முன்னால் போகிறவன் காதைக் குடைந்துகொண்டே வந்தான். "லேய், சும்மா வரமாட்டியால?" என்று அவன் தாத்தா அதட்ட, அந்த அதட்டலும் பாட்டோடு சேர்ந்துகொண்டது. எங்கள் தெரு முனையில் பூக்கட்டுகிற அம்மாள், கோயிலுக்கு வராதவள், பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நாங்கள் கடக்கும்வரை எழுந்து நின்றாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ராத்திரி திருவிருந்து. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதத்தான் வேண்டும்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறைமையில் சமாதானம் கொடுக்கிற கட்டம் ஒன்று உண்டு. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் திருச்சபை பிறந்தது. 1950இல் புதிய திருவிருந்து முறைமை வந்தபோது, கேரளத்து சிரியன் சபைகளிடமிருந்து இதை எடுத்துச் சேர்த்தார்கள். ஒருவர் கையைக் கொடுக்க, மற்றவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, திரும்பி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். திருமேஜையிலிருந்து கிளம்பி வரிசை வரிசையாகக் கடைசி ஆள்வரை வரும். கொரோனாவுக்குப் பிறகு பல கோயில்களில் தூர நின்று கும்பிடுவதோடு முடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஐயர் விடவில்லை, கையைப் பிடிக்கத்தான் வேண்டும் என்பார்.

இதுவும் எனக்குப் புதுசு. அந்த நேரத்தில் மெதுவாக வாசித்துக்கொண்டிருப்பேன். வாசிக்கிறவன் கையைப் பிடிக்க யாரும் வரமாட்டார்கள்.

இன்று எனக்கு இடது பக்கத்தில் நின்றவர், சேகரக் கமிட்டித் தேர்தலில் நானும் அவரும் எதிரெதிரே நின்றதிலிருந்து என்னோடு பேசாதவர். ஆறு வருஷமாகிறது. யார் ஜெயித்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு பேருக்கும் அது நன்மையாக முடியவில்லை. அவர் பிந்தி வந்ததால் கிடைத்த இடத்தில் ஏறி நின்றிருக்கிறார். சமாதானம் வலப்புறத்திலிருந்து என்னிடம் வந்தது. கடைக்கார அண்ணாச்சி என் வலது கையை மட்டும் மெதுவாகப் பிடித்துக் கொடுத்தார். நான் இடப்புறம் திரும்ப வேண்டும்.

திரும்பினேன். அவர் கையை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை. இடுப்பளவில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மாவுக்கட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். முடியாது பாருங்கள் என்கிற மாதிரி. தலையை அசைத்தேன். அவரும் அசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

கட்டு இடது கையில். வலது கை அண்ணாச்சி கொடுத்த சூட்டோடு அப்படியே இருந்தது.

பிறகு போய்த் திருவிருந்தும் எடுத்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை மும்மணி நேர ஆராதனை. சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகள், ஏழு பிரசங்கம், ஏழு பாட்டு, இடையிடையே மௌனம். பெரு நாட்டு லிமாவில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு இதைத் தொடங்கினார் என்பார்கள்; அவர் 1732இல் காலமானவர். கத்தோலிக்கருக்கும் எங்களுக்கும் எத்தனையோ வழக்கு இருந்தாலும், இந்த மூன்று மணி நேரத்தை அவர்களிடமிருந்து வாங்கி எங்களுடையதாக்கிக்கொண்டோம்.

ஹைடன் இதற்கென்றே ஓர் இசை எழுதியிருக்கிறார். ஸ்பெயினின் காதிஸ் நகரக் கோயிலுக்காக, 1786 வாக்கில். அங்கே சுவரெல்லாம் கறுப்புத் துணி கட்டி, பன்னிரண்டு மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்களாம். பிஷப் ஒரு வார்த்தையைச் சொல்லி விளக்கி, இறங்கி வந்து முழங்கால்படியிடுவார். அந்த இடைவெளிக்கு இசை. எல்லாமே மந்தகதி. கேட்கிறவர்கள் அலுத்துப்போகாமல் அப்படி ஏழு துண்டுகளை அடுத்தடுத்து எழுதுவது லேசான வேலையில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் வரம் வாய்த்த ஆள். நான் வருஷா வருஷம் அந்த இடைவெளிகளை ஸ்ட்ரிங்ஸ் டோனை வைத்து அடைத்துவந்தேன்.

வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தேன். எந்த வார்த்தைக்குப் பிறகு எது, எந்த டோன், எத்தனை நிமிஷம், எந்தச் சுருதி. நாலாம் வார்த்தைக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன். கைவிடப்பட்டவராக அவர் கூப்பிடுகிற வார்த்தை அது. அதற்குப் பிறகு மௌனம் கனமாக இருக்கும், ஜனங்கள் நெளிவார்கள், உடனே தொடங்கிவிட வேண்டும் என்று வாயாலும் சொல்லியிருந்தேன்.

மணி ஒன்றரை தாண்டியிருக்கும். வெக்கை. சபை முழுக்க வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை. ஐயர் நாலாம் வார்த்தையை முடித்தார். சின்னப் பிரசங்கம்தான். ஆண்டவரே ஆண்டவரைக் காணவில்லை என்று கூப்பிட்ட நேரம் ஒன்று உண்டு, அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது என்று சொல்லி இறங்கிவிட்டார். எல்லாரும் முழங்காலில் நின்றோம்.

இசை வரவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பிள்ளை மேஜைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். விசிறிக் காற்றில் என் தாள் பறந்து போயிருக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறையப் பயம். நான் எழுந்து போகப் பார்த்தேன். வலது கால் மரத்துப் போயிருந்தது. பெஞ்சைப் பிடித்து எழும்ப இடது கையும் இல்லை. அப்படியே இருந்துவிட்டேன். பக்தியால் அல்ல, கால் வராததால்.

அந்த மௌனம் ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ இருக்கும். விசிறியின் கிறீச்சு. வெளியே வேம்பில் காக்கை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். கஞ்சி காய்ச்சுகிற பந்தலிலிருந்து கரண்டி அண்டாவில் மோதுகிற சத்தம். பெண்கள் பக்கம் முன்னால், பாயில், கீழத்தெருப் பாட்டி இருந்தாள். ஓலைப்பெட்டி முடைகிறவள். காது சரியாகக் கேட்காது. தான் மனசுக்குள் ஜெபிப்பதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டே ஜெபித்துக்கொண்டிருந்தாள். வரிசையாகப் பேர்கள். மகன் பேர், செத்துப்போன மகள் பேர், ஆடு விற்ற கணக்கு, முழங்கால் வலி. யாரும் சிரிக்கவில்லை.

அவள் ஜெபம் முடிந்தது. இசை வாசித்து முடித்திருப்பார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, அடுத்த கீர்த்தனையை அவளே எடுத்துவிட்டாள். ரொம்பக் கீழே. கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டை இருக்கும். நான் அதை ஒன்றரைக் கட்டையில் வாசிப்பது வழக்கம். ஓலை கிழிபடுகிற மாதிரிக் குரல், ஆனால் இடம் தப்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள். பிறகு பாய் முழுக்க. பிறகு பெண்கள் பக்கம் முழுக்க. ஆண்கள் பக்கம் பாதிப் பேருக்கு அவ்வளவு கீழே போகவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி முனகினோம்.

பெண்கள் பாடி நான் கேட்டதேயில்லை. என் ஊர், என் கோயில், என் வீட்டுக்காரியும் அதில் ஒருத்தி. என் வாத்தியத்துக்கு மேலே அவர்கள் மெல்லிசாகக் கீச்சிடுவதைத்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் பெண்களுக்குக் குரல் அவ்வளவுதான் என்றிருந்தேன். இன்று கேட்டது வேறு. அடிவயிற்றிலிருந்து வந்தது. சரணம் மேலே ஏறுகிற இடத்தில் ஒருத்தியும் நழுவவில்லை.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? நான் தாளம் எண்ணாமல் பாட்டுக் கேட்கிறவன் இல்லை. தூக்கத்தில் கேட்டாலும் விரல் எண்ணும். எந்தச் சரணம், அடுத்தது என்ன, எங்கே மூச்சு என்று உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை எப்போதும் உட்கார்ந்திருப்பான். அவன் எப்போது எழுந்து போனான் என்று தெரியவில்லை. மெய்சிலிர்க்கவில்லை. அழவும் இல்லை. யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள், இருக்கட்டும் என்கிற மாதிரி இருந்தது. வீட்டில் ஆள் இருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அறிவோமே, அந்த மாதிரி. ஓகோ, இதுதானா என்று நான் கவனித்த கணத்தில் அது இல்லை. விசிறிச் சத்தம் திரும்ப வந்தது. பாட்டு முடிகிற இடத்தில் இருந்தது.

மூன்று மணிக்குக் கோயில்பிள்ளை மணியை 33 முறை அடித்தார். கஞ்சியும் துவையலும். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "தாத்தா, தாளு பறந்து போச்சு. எனக்கு ஒண்ணுமே ஓடலை." நான், "விடும்மா, கஞ்சியக் குடி" என்றேன். அவளைத் திட்டப்போகிறேன் என்று எதிர்பார்த்திருந்த அவள் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் கேட்டேன், எத்தனை சரணம் பாடினீர்கள் என்று. "நாலும் பாடினோமே!" என்றாள். எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டு.

"அந்தச் சுருதி உங்களுக்குச் சௌகரியமா இருந்ததோ?"

"இத்தனை வருஷமா எங்களுக்கு எட்டாத சுருதியிலல்லா வாசிச்சீங்க. உங்க தொண்டைக்குத் தோதா."

"நீ ஒரு நாளாவது சொன்னியா?"

"நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை நாலு மணி ஆராதனை. கல்லறைத் தோட்டத்திலிருந்து மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு வந்தோம். வெள்ளிக்கிழமை வந்தது இன்றும் வரும் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. வரவில்லை. கொசுக்கடி. தூக்கம். உயிர்த்தெழுதலைப் பற்றி ஐயர் நன்றாகவே பேசினார். எனக்கு இரண்டு கொட்டாவி.

பிள்ளை அருமையாக வாசித்தாள். கடைசிச் சரணத்துக்கு அரைக்கட்டை ஏற்றினாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஜனங்கள் கண்ணைத் துடைத்தார்கள். வாசலில் ஒருவர் அவளிடம், "இன்னிக்கு ஆண்டவர் இறங்கி வந்தாரும்மா" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவர் இறங்கியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை என்பதால் இறங்கவில்லை என்றாகாது.

இந்த வருஷம் கீழைச் சபைகளுக்கும் நமக்கும் ஈஸ்டர் ஒரே நாளில் வந்திருக்கிறது. நைசியா சங்கம் கூடி 1,700 வருஷமாகிற நேரத்தில் இப்படி அமைந்ததை ஐயர் சொன்னார். அது மட்டும் தூக்கத்தைக் கலைத்தது.

ஏப்ரல் 21, திங்கள்

மத்தியானம் டிவியில் போப் பிரான்சிஸ் இறந்துபோனதாகச் செய்தி. நேற்றுத்தான் பால்கனியில் வந்து ஜனத்தை ஆசீர்வதித்தார். குரலே எழும்பவில்லை அவருக்கு. பண்டிகையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்காரி டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெரிய வியாழனன்று என் இடப்பக்கம் நின்றவரை இன்று தேடிப்போய் அவர் பெஞ்சிலேயே உட்காருவது என்று தீர்மானித்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பினேன். வலது கையை நீட்டிவிட வேண்டும். பிடித்தால் பிடிக்கட்டும், பிடிக்காவிட்டால் போகட்டும்.

அவர் வரவில்லை. கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். பேத்தி பிறந்திருக்கிறது.

மே 3, சனி

நேற்றுக் கட்டைப் பிரித்தார்கள். கை வெளுத்து, சுருங்கி, யாரோ ஒருவருடைய கை மாதிரி இருக்கிறது. மாலையில் கோயிலுக்குப் போய்க் கீபோர்டைத் திறந்தேன். இடது சுண்டுவிரல் ஸ்தாயி எட்டவில்லை. தினமும் வெந்நீரில் வைத்து மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இரண்டு மாதம் ஆகலாமாம். சாவியைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தேன்.

கீழத்தெருப் பாட்டி வீட்டுக்கும் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ஓலை வாரிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நீங்கள்தான் பாட்டை எடுத்தீர்கள் என்று சத்தமாகச் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கையில்லை. "நானா? நீருல்லா வே பெட்டி வாசிச்சீரு. நல்லா கேட்டுச்சே" என்றாள். மறுத்துச் சொல்லவில்லை. எந்தச் சுருதியில் பாடினால் சுகமாக இருக்கிறது என்று கேட்டேன். சுருதி என்றால் என்ன என்று கேட்டாள். பாடிக் காட்டச் சொன்னேன். வாருவதை நிறுத்தாமலே இரண்டு வரி பாடினாள். அதே ஐந்து கட்டை. அவ்வளவு கீழே போனால் ஆண்கள் பாடு திண்டாட்டம்.

கோயம்புத்தூர் போனவர் இன்னும் ஊர் திரும்பவில்லை.

நாளைக்கு மூன்று பாமாலை, இரண்டு கீர்த்தனை. கீர்த்தனை இரண்டையும் ஆறு கட்டையில் வாசிக்கும்படி பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். திருவிருந்து எடுக்கும்போது எதுவும் வாசிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். "ஒண்ணுமே வேண்டாமா தாத்தா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.